ஊர்ப் பிரச்சினைக்கு ஒரு சிறு கட்சி: தொடங்குமுன் கேட்கப்படும் கேள்விகள்

குடிநீர் நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது, சாக்கடை ஏரியில் கலக்கிறது, குப்பைக் கிடங்கு குடியிருப்பை ஒட்டியே புகைகிறது. பெரிய கட்சிகளிடம் மனு கொடுத்துச் சலித்தவர்கள் "நாமே ஒரு கட்சி ஆரம்பித்தால் என்ன?" என்று கேட்பது தமிழ்நாட்டில் பேரூராட்சிக்குப் பேரூராட்சி நடக்கிறது. அப்படிக் கேட்பவர்களுக்கான பக்கம் இது.

முதலில் ஒரு சந்தேகம்: கட்சிதான் வேண்டுமா, குடியிருப்போர் சங்கம் போதாதா?

நீங்கள் இருப்பது கிராம ஊராட்சி என்றால் கட்சி தேவையே இல்லை. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரண்டு பதவிகளுக்கும் தமிழ்நாட்டில் கட்சி அடிப்படையில் தேர்தல் நடப்பதில்லை. இரட்டை இலையும் உதயசூரியனும் அந்த வாக்குச்சீட்டில் இருக்காது. பூட்டு சாவி, ஆட்டோ மாதிரி தனிச் சின்னங்கள்தான். கட்சி பதிவு செய்து வைத்திருந்தாலும் அங்கே அதற்கு வேலை கிடையாது.

ஊராட்சி ஒன்றிய வார்டு, மாவட்ட ஊராட்சி வார்டு, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று மற்ற எல்லாமே கட்சி அடிப்படையில்தான். அங்கேயும் ஒரே ஒரு வார்டில் ஒருவரை நிறுத்துவதுதான் திட்டம் என்றால் சுயேச்சையாக நின்றுவிடுங்கள், செலவும் குறைவு, தொல்லையும் குறைவு. பல வார்டுகளில் ஒரே பெயரில், ஒரே சின்னத்தில் நிற்க வேண்டும், அடுத்த தேர்தலிலும் அந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்றால்தான் பதிவுக்கு அர்த்தம் இருக்கிறது.

பதிவு செய்யாமல் கட்சி என்று சொல்லிக்கொள்வது குற்றமா?

இல்லை. சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்பிலேயே இருக்கிறது. கொடி பிடிக்கலாம், கூட்டம் போடலாம். தேர்தல் வந்ததும்தான் இடிக்கும். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் விஜய் மக்கள் இயக்கம் ஆட்டோ சின்னம் கேட்டபோது, பதிவு பெற்ற கட்சி இல்லை என்று மாநிலத் தேர்தல் ஆணையம் மறுத்துவிட்டது. அத்தனை ஆள்பலம் உள்ள அமைப்புக்கே அந்த நிலை.

பதிவு யாரிடம்? மாநிலத் தேர்தல் ஆணையத்திடமா?

பலர் தடுமாறும் இடம் இது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது சென்னையில் உள்ள தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். கட்சியைப் பதிவு செய்வது டெல்லியில் உள்ள இந்தியத் தேர்தல் ஆணையம். இரண்டும் வேறு வேறு அமைப்புகள். நீங்கள் நிற்கப்போவது 15 வார்டு பேரூராட்சியில் என்றாலும் விண்ணப்பம் டெல்லிக்குத்தான் போக வேண்டும், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி.

கட்சி தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். இந்த முப்பது நாள் கணக்கில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மண்டபம் பிடித்து, கொடி ஏற்றி, தொடக்க விழா நடத்திவிட்டுப் பிறகு காகிதம் சேர்க்க ஆரம்பிக்காதீர்கள். காகிதம் எல்லாம் தயாரான பிறகு தொடக்கக் கூட்டத்தைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டத்தின் தீர்மானத்தில் உள்ள தேதிதான் கட்சி பிறந்த தேதி.

என்னென்ன காகிதம்?

10,000 ரூபாய்க்கு வரைவோலை. தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர் உள்ளிட்ட நிர்வாகிகளின் விவரம். கட்சி விதிமுறைப் புத்தகம். குறைந்தது 100 உறுப்பினர்களின் தனித்தனிப் பிரமாணப் பத்திரம். ஒவ்வொருவரும் தாம் வாக்காளர் என்றும், பதிவு பெற்ற வேறு எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை என்றும் நோட்டரி முன் உறுதிமொழி கொடுக்க வேண்டும். வாக்காளர் என்பதற்கு அடையாள அட்டை நகலோ பட்டியல் நகலோ இணைக்க வேண்டும்.

விதிமுறைப் புத்தகம் என்பது கொள்கை விளக்கக் கையேடு அல்ல. "ஊழலற்ற நிர்வாகம்" என்று எட்டுப் பக்கம் எழுதினாலும் ஆணையம் அதைப் படிக்காது. அவர்கள் தேடுவது வேறு. இந்திய அரசமைப்புக்கும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கோட்பாடுகளுக்கும் உண்மையான பற்றுடன் இருப்போம், இந்தியாவின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டைக் காப்போம் என்ற வாசகம் சட்டத்தில் உள்ளபடியே இருக்கிறதா? நிர்வாகிகளுக்கு 5 ஆண்டுக்கு மிகாமல் உட்கட்சித் தேர்தல் உண்டா? விதியைத் திருத்த, கட்சியை இணைக்க, கலைக்க என்ன வழி? பதிவான 5 ஆண்டுக்குள் தேர்தலில் நிற்போம் என்ற உறுதி இருக்கிறதா? கணக்கைத் தணிக்கை செய்து ஆண்டுதோறும் தருவோம் என்றிருக்கிறதா? "நிறுவனத் தலைவரே நிரந்தரத் தலைவர்" என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே கேள்வி வரும்.

பெயர் ஏற்கெனவே உள்ள கட்சியின் பெயரைப் போல ஒலிக்கக் கூடாது; மதத்தைக் குறிப்பதாகவும் இருக்கக் கூடாது. முன்னே "அனைத்திந்திய" போட்டு, பின்னே "மக்கள் முன்னேற்ற" போட்டு ஒட்டிய பெயர்கள் ஏகப்பட்டவை இருக்கின்றன. ஊர்ப் பெயரையோ ஆற்றின் பெயரையோ சேர்த்தால் மோதல் வருவது அரிது, வாக்காளருக்கும் நினைவில் நிற்கும்.

எந்த இடத்தில் விண்ணப்பம் திரும்பி வருகிறது?

பெரும்பாலும் அந்த நூறு பிரமாணப் பத்திரங்களில். வாக்காளர் அட்டையில் "மு. செல்வி", பத்திரத்தில் "செல்வி முருகன்", கையெழுத்து "எம். செல்வி" என்று மூன்று விதமாக இருக்கும். அட்டையில் உள்ள எழுத்தை அப்படியே பத்திரத்தில் ஏற்றுங்கள். ஆதாரில் என்ன இருக்கிறது என்பது இங்கே முக்கியமில்லை. அட்டை எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த உறுப்பினர் கணக்கில் வரமாட்டார்.

அடுத்தது பழைய உறுப்பினர் அட்டை. பத்து வருடம் முன் யாரோ கேட்டார் என்று ஒரு கட்சியில் பெயர் கொடுத்திருப்பார், மறந்தே போயிருப்பார். அவரிடம் முதலில் விலகல் கடிதம் எழுதி வாங்குங்கள். அரசு ஊழியர், அரசுப் பள்ளி ஆசிரியர் யாரையும் சேர்க்காதீர்கள். நடத்தை விதிகளின்படி அவர்கள் கட்சியில் சேர முடியாது, உங்களால் அவர்கள் வேலைக்குத்தான் சிக்கல். சரியாக 100 பேரோடு நிறுத்தாமல் 125 பேரிடம் வாங்கி வையுங்கள். இருபது தள்ளுபடியானாலும் நூறு நிற்கும்.

எவ்வளவு காலம், எவ்வளவு செலவு?

ஆவணங்கள் சரி என்று கண்டதும், கட்சிப் பெயரையும் நிர்வாகிகள் பெயரையும் இரண்டு தேசிய நாளிதழ்களிலும் இரண்டு உள்ளூர் நாளிதழ்களிலும் இரண்டு நாள் விளம்பரம் செய்யச் சொல்வார்கள். ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம். நிதி திரட்டும்போது பலரும் கணக்கில் சேர்க்காமல் விடுவது இந்த விளம்பரச் செலவைத்தான். பத்தாயிரம் கட்டணத்தைவிட இதுவும், நூறு பத்திரத்துக்கான முத்திரைத்தாளும் நோட்டரி கட்டணமும்தான் கையைக் கடிக்கும்.

காலத்துக்கு ஓர் அளவுகோல்: தமிழக வெற்றிக் கழகம் 2024 பிப்ரவரி 2 அன்று அறிவிக்கப்பட்டது, பதிவு கிடைத்த செய்தி அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. ஆக ஏழு மாதம். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு விண்ணப்பித்தால் அந்தத் தேர்தலுக்கு ஆகாது. விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை 2020 முதல் ஆணையத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

பதிவானதும் சின்னம் தருவார்களா?

தரமாட்டார்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. நிரந்தரச் சின்னம் அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்குத்தான். உங்கள் கட்சி "பதிவு பெற்ற, அங்கீகரிக்கப்படாத கட்சி".

சட்டமன்றத் தேர்தலில் பொதுச் சின்னம் (கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே சின்னம்) வேண்டுமானால் மொத்தத் தொகுதிகளில் 5 சதவீதத்தில் நிற்க வேண்டும். தமிழ்நாட்டின் 234இல் அது 12 தொகுதி. ஊர்க் கட்சிக்கு எட்டாத உயரம். சபையின் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது விண்ணப்ப வாசல் திறக்கும், விருப்ப வரிசையில் 10 சின்னம் எழுதித் தர வேண்டும், முதலில் வந்தவருக்கே முன்னுரிமை. 2024இல் நாம் தமிழர் கட்சியின் கரும்பு விவசாயி சின்னம் கர்நாடகக் கட்சி ஒன்றுக்குப் போனது இப்படித்தான். அவர்கள் ஒலிவாங்கியில் நின்று, 8 சதவீதத்துக்கு மேல் வாங்கி, அங்கீகாரமும் பெற்றார்கள்.

உள்ளாட்சித் தேர்தலில் பொதுச் சின்னம் கேட்டு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குத் தனியாக எழுத வேண்டும். டெல்லிப் பதிவுக் கடிதத்தின் நகலை இணைத்து, அறிவிப்பு வருவதற்கு முன்பே கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு வார்டிலும் தனிச் சின்னப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். இருவர் ஒரே சின்னம் கேட்டால் குலுக்கல். அதனால் சின்னத்தை நம்பி முன்கூட்டியே துண்டறிக்கை அடிக்காதீர்கள். வேட்பாளர் முகம், கட்சிப் பெயர், வார்டு எண் மட்டும் போட்டு ஒன்று, சின்னம் கிடைத்த பின் இன்னொன்று என்று பிரித்து அடியுங்கள். துண்டறிக்கையின் அடியில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் வெளியிடுபவர் பெயரும் இல்லாவிட்டால் அது தனி வழக்கு.

உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் நின்றால் பதிவு நிலைக்குமா?

நிலைக்காது. டெல்லி ஆணையம் எதிர்பார்ப்பது அது நடத்தும் தேர்தலில், அதாவது மக்களவை, சட்டமன்றம் அல்லது இடைத்தேர்தலில் போட்டியிடுவதை. வார்டுகளில் எத்தனை ஜெயித்தாலும் இந்தக் கணக்கில் சேராது. 2019 முதல் ஆறு ஆண்டுகள் எதிலும் நிற்காத கட்சிகளை 2025இல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்: ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474. இதற்கு முன் 2022இல் பதிவான முகவரியில் கட்சியே இல்லை என்று 87 கட்சிகள் போயின. வாடகை அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு முகவரி மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டாலே அந்த வரிசையில் சேர்ந்துவிடலாம்.

ஆகவே ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு சட்டமன்றத் தொகுதியிலாவது ஒருவரை நிறுத்துங்கள். டெபாசிட் 10,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. ஆறில் ஒரு பங்கு வாக்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும். போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதிவைக் காப்பாற்ற ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டும் சந்தா அது. பத்து முன்மொழிபவர்கள் தொகுதிக்குள் இருக்க வேண்டும். இவர் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் படிவம் ஏ, படிவம் பி இரண்டும் மனுத்தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள், தலைவர் மையால் இட்ட கையெழுத்தோடு போய்ச் சேர வேண்டும். ரப்பர் முத்திரைக் கையெழுத்து, நகல், வாட்ஸ்அப் படம் எதுவும் செல்லாது. தவறினால் உங்கள் வேட்பாளர் சுயேச்சை ஆகிவிடுவார். வாக்குப்பதிவு இயந்திரத்தில் கட்சி வேட்பாளர்களுக்குக் கீழே இறங்கிவிடுவார்.

பணம் எப்படித் திரட்டலாம்?

கட்சிப் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. ஒருவரிடம் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வருமான வரி விலக்கு போகும். ஆண்டில் 20,000க்கு மேல் கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் எண்ணோடு ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும். ஒருவரும் அவ்வளவு கொடுக்கவில்லை என்றாலும் "இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்; ஒன்றுமே தராமல் இருப்பதுதான் நோட்டீசை வரவழைக்கும்.

துபாயில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பினால்? இந்தியக் குடிமகனாக இருந்தால் வாங்கலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட தாய்மாமன் என்றால் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, ஊர்ப்பாசம் எவ்வளவு இருந்தாலும். வெளிநாட்டு நன்கொடைத் தடை கட்சிகளுக்கு முழுமையானது.

ரசீதுப் புத்தகத்துக்கு வரிசை எண் அச்சடித்து, யாரிடம் எந்தப் புத்தகம் போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வசூலுக்குப் போன புத்தகம் திரும்பி வராததுதான் சிறு கட்சிகளில் முதல் சண்டை.

வேட்பாளருக்கு என்ன பார்க்க வேண்டும்?

வயது 21. அந்த உள்ளாட்சி அமைப்பின் ஏதாவதொரு வார்டில் வாக்காளராக இருந்தால் வேறு வார்டிலும் நிற்கலாம். முன்மொழிபவர் மட்டும் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் கட்டி ரசீதை மனுவோடு வையுங்கள். அந்த அமைப்பில் நடப்பு ஒப்பந்த வேலை எடுத்திருப்பவர் வேண்டாம்.

2022 நகர்ப்புறத் தேர்தலில் டெபாசிட் பேரூராட்சிக்கு 1,000, நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. செலவு வரம்பு பேரூராட்சி வார்டுக்கு 17,000 ரூபாய். தோற்றவரும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்குத் தர வேண்டும். தராவிட்டால் அடுத்தமுறை நிற்க முடியாமல் போகலாம். நல்ல வேட்பாளர்களைச் சிறு கட்சிகள் இழப்பது பெரும்பாலும் இந்த ஒரு சோம்பலால்தான்.

இடங்களில் பாதி பெண்களுக்கு. எந்த வார்டு என்பது அறிவிப்பை ஒட்டித்தான் உறுதியாகும். மூன்று வருடம் வார்டில் உழைத்த ஆணுக்குப் பதிலாக, கடைசி வாரத்தில் அவர் மனைவியின் பெயரைப் போடுவது ஊரறிந்த வழக்கம். உங்கள் கட்சியும் அதையே செய்வதானால் புதுக் கட்சி எதற்கு? ஒவ்வொரு வார்டிலும் தொடக்கத்திலிருந்தே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து வேலை செய்யட்டும்.

ஒரு வார்டில் ஜெயிக்க எத்தனை ஓட்டு?

எடுத்துக்காட்டாக 1,600 வாக்காளர் உள்ள வார்டு. 70 சதவீதம் பதிவானால் 1,120. இரண்டு பெரிய கட்சிகளும் நீங்களும் ஒரு சுயேச்சையும் என்றால் 400 வாக்கு எடுத்தவர் ஜெயிக்க வாய்ப்புண்டு. வீட்டுக்கு மூன்று ஓட்டு என்றால் சுமார் 135 வீடு. மேடையோ ஒலிபெருக்கியோ இல்லாமலே இந்த அளவை எட்டலாம். 1,600 பேரின் பட்டியலை வரிவரியாகப் படித்தாக வேண்டும்.

உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வார்டுவாரியாகப் பிரித்துத் தயாராவது. பிரிக்கும்போது எல்லைத் தெருக்கள் இடம் மாறும். தெருவின் கிழக்குப் பக்கம் 6ஆம் வார்டு, மேற்குப் பக்கம் 7ஆம் வார்டு என்றிருக்க, மொத்தத் தெருவும் ஒரே வார்டில் விழுந்திருக்கும். வரைவுப் பட்டியல் வந்த நாளே அச்செடுத்து, பாகம் பாகமாகப் பிரித்து, வீடு வீடாகப் போங்கள். இறந்தவர், கல்யாணமாகிப் போனவர், வேலைக்கு வெளியூர் போய் ஓட்டுக்கு மட்டும் வருபவர் என்று மூன்று நிற மையில் குறியுங்கள். புதுப் பெயருக்குப் படிவம் 6, நீக்க 7, திருத்தவும் இடம் மாற்றவும் 8. இந்த வேலையைச் செய்து முடிக்கும்போது வார்டில் உங்களுக்குத் தெரியாத வீடு இருக்காது. தேர்தல் வேலையில் பாதி அங்கேயே முடிந்தது.

ஒரே ஒரு கவுன்சிலர் ஜெயித்து என்ன செய்ய முடியும்?

பேரூராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 15 பேரில் ஏழுக்கு ஏழு என்று நின்றால் உங்கள் ஒருவர்தான் தராசு முள். அந்த நாளில் துணைத் தலைவர் பதவியை விலையாகக் கேட்காமல், குடிநீர்க் குழாய்த் திட்டத்தை முதல் கூட்டப் பொருளாகவே வைக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

மற்ற நாட்களில் அவர் கையில் இருப்பது அஜெண்டா. கூட்டத்துக்கு முன் அது கைக்கு வரும். பொருள் எண், மதிப்பீடு, எந்த நிதி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். "படிக்கப்பட்டது, அங்கீகரிக்கப்பட்டது" என்று முப்பது பொருளை ஐந்து நிமிடத்தில் முடிப்பார்கள். எதிர்ப்பை வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

கவுன்சிலரே இல்லாவிட்டாலும் செய்யக்கூடியது ஒன்று: சாலை அளப்பது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மதிப்பீட்டையும், முடிந்த வேலையின் அளவைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்களையும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். புத்தகத்தில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட். டேப்பைப் பிடித்தால் அகலம் 2.80, ஓரத்தில் கனம் 12 செ.மீ. என்று வருகிறது என்று வையுங்கள். கணக்கு 33.6. பதினோரு கன மீட்டருக்கு மேல் குறைகிறது. ஓரத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், நடுவில் கனம் சரியாக இருக்கலாம். அதே சட்டத்தில் பணியை நேரில் ஆய்வு செய்யவும் மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஜெயித்தவர் ஆளுங்கட்சிக்குப் போய்விட்டால்?

தடுக்க முடியாது. அரசமைப்பின் பத்தாவது அட்டவணை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான். கேரளம் 1999இல் உள்ளாட்சிக்கும் தனிச் சட்டம் போட்டது, தமிழ்நாட்டில் அப்படி இல்லை. வெற்றுத் தாளில் ராஜினாமா வாங்கி வைப்பது சட்டத்தில் நிற்காது. ஒற்றை ஆளாக விடாமல் வார்டுக் குழு அவரோடு மாதக் கூட்டத்துக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்தால் போவதற்குக் கூச்சமாவது இருக்கும்.

இப்படிப்பட்ட கட்சி எங்காவது நிலைத்திருக்கிறதா?

இங்கிலாந்தின் எப்சம் அண்ட் யூவெல் நகராட்சியை 1937 முதல் குடியிருப்போர் சங்கத்தினரே நிர்வகிக்கிறார்கள். பக்கத்தில் எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தில் ட்வென்டி20 அமைப்பு 2015இல் 19 வார்டில் 17ஐப் பிடித்தது. ஆனால் அதன் பின்னால் கிடெக்ஸ் நிறுவனத்தின் பணம் இருந்தது. மலிவு விலைக் கடை நடத்தி வாங்கிய ஆதரவை உங்களால் அப்படியே திருப்பிச் செய்ய முடியாது. பெங்களூருக்கென்றே 2019இல் தொடங்கிய நவநிர்மாணக் கட்சிக்கு வேறு பாடு: 2020இல் மாநகராட்சியின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் வருடக்கணக்கில் தள்ளிப்போனது.

நம் ஊரிலும் தேர்தல் தள்ளிப்போனால்?

புதிதல்ல. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்போதும் கிராமசபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நகரத்தில் அதற்கு ஈடாக ஏரியா சபை இருக்கிறது. உங்கள் நூறு உறுப்பினர்களை அந்த நாட்களில் கூட்டிப் போய், தீர்மானம் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் இருவரை உட்கார வையுங்கள். கையெழுத்துப் போடுமுன் தீர்மானத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டும். காலி இடம் விட்ட பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.